ஒன் பீஸ் படங்களை எந்த எபிசோடுக்குப் பிறகு பார்ப்பது?

அலைகடல்:
ஒன் பீஸ்ங்கிற ஜப்பானியக் கடற்கொள்ளையர் அனிமே தொடர்ல இப்ப 325-ஆவது எபிசோட். எனியஸ் லாபி கதைப்பகுதி முடிஞ்சு, நாயகன் லூஃபியோட குழுவுல சேர்ந்து ஃபிராங்கியும் கப்பல்ல ஏறியாச்சு. படம் ஒண்ணுகூட இன்னும் பார்க்கல. 2000-லிருந்து 2022 வரை மொத்தம் 15 படம் இருக்கு. வெளிவந்த வரிசையிலேயே பார்த்துட்டுப் போகலாமா, இல்ல தொடர்ல பின்னாடி வரப்போறதை ஏதாவது படம் முன்கூட்டியே போட்டு உடைச்சிடுமா? படத்துக்காகவே எடுத்த எபிசோடுகளும் தொடருக்கு நடுவுல வருதுன்னு சொல்றாங்க. அதை என்ன செய்யறது?

மூன்றுவாள்:
வெளிவந்த வரிசையை மறந்துடுங்க. படத்துல கப்பல் எது, அதுல யார் யார் இருக்காங்கன்னு பாருங்க, இடம் தானா தெரிஞ்சிடும்.

முதல் ஏழு படமும் குழுவோட முதல் கப்பலான கோயிங் மெர்ரி காலத்துக் கதை. நீங்க இருக்கிற இடத்துல எதைப் பார்த்தாலும் கெடுதல் இல்ல. முதல் படம் 51 நிமிஷம்தான், அதுல குழுவோட சமையல்காரன் சாஞ்சிகூடக் கிடையாது. நேரம் குறைவுன்னா 4-ஆவது (2003, கடற்கொள்ளையர் கப்பல் பந்தயம்), 6-ஆவது (2005) இரண்டை மட்டும் எடுத்துக்கோங்க.

8-ஆவது அலபாஸ்டா கதையின் சுருக்கம். 92 முதல் 130 வரை எபிசோடுகளா வந்ததை ஒன்றரை மணி நேரத்துல அடைச்சிருக்காங்க. தொடரைப் பார்த்தவங்களுக்குப் புதுசா எதுவும் கிடைக்காது. 9-ஆவது டிரம் தீவுக் கதையை மாத்திச் சொல்லுது. அசல் கதையில அந்தத் தீவுக்கு வந்தே இராத ராபினும் ஃபிராங்கியும் இதுல இருக்காங்க, கப்பலும் பின்னாடி வந்த தௌசண்ட் சன்னி. கால வரிசையில அதை எங்கேயும் செருக முடியாது. 'இப்படி நடந்திருந்தா' என்கிற கற்பனையாப் பாருங்க.

10-ஆவது ஸ்ட்ராங் வேர்ல்ட் (2009). இதைத் தவற விடாதீங்க, ஆனா இப்பவே பார்க்கவும் வேண்டாம். புரூக் என்கிறவர் குழுவுல சேர்ந்தாச்சு, சபவோடி கதைப்பகுதி இன்னும் வரல. அந்த இடைவெளிதான் இதன் இடம். 381-ஆவது எபிசோடோட திரில்லர் பார்க் கதைப்பகுதி முடியும். அங்கே நிறுத்திட்டுப் படத்தைப் போடுங்க. 11-ஆவது அரை மணி நேர 3டி படம், விட்டாலும் நஷ்டமில்ல.

வரைபட அறை:
படத்தோட ஒட்டு எபிசோடுகள் பற்றி. தொடரை எண் வரிசையில் ஓடவிட்டால் மாட்டிக்கொள்ளும் இடம் இம்பெல் டவுன் சிறைக் கதை. சிறைக்குள் கதை சூடு பிடித்த நேரத்தில் 426 முதல் 429 வரை திடீரென்று குழு முழுவதும் ஒன்றாக ஒரு தீவில் உல்லாசமாக இருக்கும். ஏதோ எபிசோட் விட்டுப்போனது என்று நினைத்துப் பின்னால் போய்த் தேடாதீர்கள். ஸ்ட்ராங் வேர்ல்ட் வெளியானபோது விளம்பரத்துக்காகச் செருகியவை அவை. 381-க்குப் பிறகு இந்த நான்கு, அடுத்து படம். பிறகு தொடரில் 425 முடிந்ததும் நேராக 430-க்குத் தாவிவிடுங்கள்.

ஸீ, கோல்டு இரண்டுக்குமான ஒட்டுகள் இப்படிக் கதையின் கழுத்தை நெரிப்பதில்லை. ஃபிலிம் ஸீக்கு (2012) 575–578. மீன்மனிதர் தீவு 574-இல் முடிந்துவிடுவதால் சரியான இடத்திலேயே இருக்கின்றன. கோல்டுக்கு (2016) 747–750, டிரெஸ்ரோசா கதைப்பகுதி முடிந்த கையோடு. ஸ்டாம்பீடுக்கு (2019) 895, 896. ரெட்டுக்கு (2022) 1029, 1030. இவை வானோ கதையின் நடுவில் வருகின்றன.

ஸீயை 574-க்கு முன் பார்க்கவே கூடாது. கடற்படைத் தளபதிகளாக இருந்த அயோகிஜிக்கும் அகாய்னுவுக்கும் இடையில் என்ன நடந்தது என்பது தொடரில் மெல்ல அவிழும் செய்தி. படமோ அயோகிஜியின் உடம்பிலேயே அதைக் காட்டிவிடுகிறது. கோல்டும் அதே போலத்தான். அதில் புரட்சிப்படை ஆளாக வரும் ஒருவர் யார் என்பதை டிரெஸ்ரோசாவில் தெரிந்துகொள்வதுதான் சுகம்.

பழையவாசகன்:
மேலே சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். ஒட்டு எபிசோட் இருக்கும் இடமே படத்தின் இடம் என்று கடைசி இரண்டு படங்களுக்கும் எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவீர்கள்.

ஸ்டாம்பீடில் ஒரு நிரந்தரத் திசைகாட்டியின் மேல் கடைசித் தீவின் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரியும். படம் வந்தது 2019 ஆகஸ்ட். தொடருக்கு மூலமான மங்காவில் (ஜப்பானியக் காமிக்ஸ்) அந்தப் பெயர் விளக்கத்தோடு வந்தது 967-ஆம் அத்தியாயத்தில், 2020-இல். தொடரில் 968-ஆவது எபிசோட். கடற்கொள்ளையர் மன்னன் ரோஜர் அந்தத் தீவில் சிரிக்கும் காட்சிக்கு இருக்கும் கனத்தை ஒரு படத்தின் ஓரத்தில் பறிகொடுக்க வேண்டாம். 968 வரை பொறுங்கள்.

ரெட்டின் உச்சக்கட்டத்தில் லூஃபியின் ஒரு தோற்றம் நொடி நேரம் வந்து போகும். தொடர் அந்த இடத்தைத் தொட்டது ஓராண்டு கழித்து, 1071-இல். 1030-ஐ முடித்த கையோடு படத்துக்குப் போனவர்களுக்கு அது புரியவும் இல்லை, தொடரில் வந்தபோது புதிதாகவும் இல்லை. வானோ கதைப்பகுதி 1085-இல் முடிகிறது, அதற்குப் பிறகு பாருங்கள். அப்போது 4-ஆவது எபிசோடை ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டு 1029, 1030 இரண்டையும் படத்துக்கு முந்தைய நாள் வைத்துக்கொண்டால் ஷாங்ஸுக்கும் அவர் மகளாக வளர்த்த பாடகி உதாவுக்கும் இடையிலான பாசம் முழுதாக இறங்கும்.

எது 'கேனன்' (மூலக் கதையில் சேர்ந்தது) என்று அலைய வேண்டாம். ஸ்ட்ராங் வேர்ல்டின் கதையை எழுதியவர் மங்காவின் ஆசிரியர் எய்சிரோ ஓடாவேதான். அதற்காக அவர் வரைந்த பூஜ்ஜியமாவது அத்தியாயம் படத்தின் வில்லன் ஷிகியின் பழைய வரலாற்றைச் சொல்கிறது, மங்காவிலும் ஷிகியின் பெயர் அடிபடுகிறது. ஆனாலும் படத்தில் நடக்கும் சண்டை மங்காவில் இல்லை. ஆள் மங்காவுக்கும் உரியவர், சம்பவம் படத்துக்கு மட்டும் உரியது.

அலைகடல்:
ரொம்ப நன்றி. ரெட் பாட்டுப் படம்னு கேள்விப்பட்டேன். டப்பிங்ல பார்க்கலாமா? அப்புறம் 6-ஆவதை ஏன் தனியா எடுத்துச் சொல்றீங்க?

வரைபட அறை:
ஆங்கில டப்பிங்கிலும் உதாவின் பாட்டுகள் பாடகி அடோவின் ஜப்பானியக் குரலில்தான் வரும். டப்பிங் போட்டு சப்டைட்டிலை அணைத்துவிட்டால் பாட்டு வரும்போதெல்லாம் கதை நழுவிவிடும். கேட்பவர்களின் மனத்தைத் தன் உலகத்துக்குள் இழுப்பதுதான் உதாவின் சக்தி, அவள் நினைப்பதும் மாறுவதும் பாட்டு வரிகளில் இருக்கிறது. சப்டைட்டில் பட்டியலில் பாட்டுக்கும் பலகை எழுத்துக்கும் மட்டும் தனித் தடம் இருந்தால் டப்பிங்கோடு அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஜப்பானிய ஒலியும் முழு சப்டைட்டிலும்.

மூன்றுவாள்:
6-ஆவது மமோரு ஹொசோடா இயக்கினது. போஸ்டரைப் பார்த்தா உல்லாசத் தீவு, உள்ளே போனா குழு ஒருத்தர்மேல ஒருத்தர் எரிஞ்சு விழுந்து உடைஞ்சுபோற கதை. கோடுகளும் நிறமும் தொடர் மாதிரியே இருக்காது, பாதிக்கு மேல நல்லாவே இருண்டுடும். சின்னப் பசங்களோட உட்கார்ந்து பார்க்கிற படம் இல்ல. வாட்டர் 7-ல லூஃபியும் உசோப்பும் மோதினதைப் பார்த்துட்டீங்க. அந்தக் கனம் மனசுல இருக்கும்போதே இதைப் பார்க்கணும். அதனால இந்த வாரமே 6-ஆவது, அப்புறம் 326.