கூட்டிவந்த செய்திக்குக் கலைக்கத் தெரியவில்லை

திருவான்மியூரிலிருந்து:

2017 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை. ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கக் கேட்டு அலங்காநல்லூரில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களைக் கைது செய்துவிட்டார்கள் என்று கல்லூரித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி. அதன் கீழேயே இன்னொன்று: மெரினா, விவேகானந்தர் இல்லம் எதிரே வாருங்கள். முதலில் எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. நானும் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, ஐம்பது பேர் இருந்தால் அதிகம் என்று நினைத்தபடி அலுவலகம் முடிந்து போனேன். கடற்கரைச் சாலையைக் கடக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

இருட்டில் எல்லோரும் கைபேசி விளக்கைத் தூக்கிப் பிடித்த அந்தப் படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நினைவிருப்பது வேறு. ஒருவர் தன் கார் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து, மணலில் ஒரு பிளக் பெட்டி வைத்திருந்தார். சார்ஜ் ஏற வைத்த ஒவ்வொரு கைபேசியிலும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு துண்டுச் சீட்டு. அதில் பேர் எழுதி, கேட்டவருக்குச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு பள்ளிக்கூடப் பெண். விடியும் வரை ஒன்றுகூடத் தொலையவில்லை.

21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. அன்றிரவு பத்து நிமிடத்துக்குள் மூன்று செய்திகள். வெற்றி, வீடு திரும்புங்கள் என்றது ஒன்று. ஏமாறாதீர்கள், நிரந்தரச் சட்டம் வரும்வரை எழாதீர்கள் என்றது அடுத்தது. மூன்றாவது, நாளைக்குத் தண்ணீர் லாரி வேண்டும் என்றது. மூன்றின் கடைசியிலும் ‘அதிகம் பகிரவும்’. தலைவர் இல்லாத கூட்டம் என்று நாங்கள் பெருமைப்பட்ட நாட்கள் அவை. எழுந்திருங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நான் இரண்டாவதைப் பகிர்ந்தேன். யோசித்தெல்லாம் இல்லை, ஒரு வேகம்.

23ஆம் தேதி விடியற்காலையில் போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தபோது நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். நான் அனுப்பியதைப் படித்துவிட்டு அங்கேயே தங்கிய என் சித்தி மகன், மாலையில் ஒரு கால் செருப்போடு வந்து சேர்ந்தான். சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியதும் அன்றுதான். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அலங்காநல்லூரிலிருந்து:

தம்பி, கைபேசி வந்துதான் போராட்டம் தொடங்கியது என்று எழுதிவிடாதீர்கள். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நாங்கள் கறுப்புக் கொடி ஏற்றிக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபேஸ்புக்கில் காளைப் படம் வைத்தவர்களில் பாதிப் பேருக்குப் புலிக்குளம் மாட்டுக்கும் காங்கேயம் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அவர்கள் வந்து உட்காராமல் வாடிவாசல் திறந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 22ஆம் தேதி தொடங்கிவைக்க முதல்வரே மதுரை வரை வந்தார். அவசரச் சட்டத்தை நம்பிக் காளைகளை அவிழ்க்க மாட்டோம் என்றோம். பிப்ரவரி 10 அன்றுதான் அவிழ்த்தோம். அந்த முடிவை எடுத்தது ஊர். யாரும் யாருக்கும் எதையும் பகிரவில்லை.

நடுக்குப்பத்திலிருந்து:

மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பம் எங்களுடையது. கடற்கரையில் இருந்த பிள்ளைகளுக்கு நாங்களும் சோறு, தண்ணீர் கொடுத்தோம். 23ஆம் தேதி எங்கள் பக்கம் ஓடிவந்தவர்களை வீட்டுக்குள் உட்காரவைத்தோம். அன்று எங்கள் மீன் சந்தை எரிந்தது. என் மகள் அதைக் கைபேசியில் எடுத்தாள். அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றியது; எங்கோ வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்கூடப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு அழுதார். ஐஸ் பெட்டியும் தராசும் வாங்க நான் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரரிடம்தான் போனேன்.