விடைத்தாளில் மதிப்பெண்ணோடு ஆசிரியர் குறிப்பும் எழுதுவதா, குறிப்பு மட்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நான்கு ஆசிரியர்கள் நாங்கள். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறோம். ஆனால் நேரமெல்லாம் யார் சேட்டை செய்தார்கள் என்பதிலேயே போய்விடுகிறது. யாருக்கு எது புரியவில்லை என்ற பேச்சு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

அதனால் பாடம் முடியும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டு, சின்னச் சீட்டில் பதில் எழுதி வாங்க ஆரம்பித்தோம். புரிந்தவர்கள், பாதி புரிந்தவர்கள், புரியாதவர்கள் என்று மூன்றாகப் பிரிப்போம். பின்னத்தைக் கூட்டும்போது மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியாகக் கூட்டும் பிள்ளைகள் இத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. தேர்வுவரை காத்திருந்தால் இது தெரிந்திருக்காது. சிக்கல் அந்தப் பாதி புரிந்த கூட்டம்தான். மறுநாள் அவர்களை என்ன செய்வது என்று எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

அப்புறம், 1988-ல் வெளியான, கல்வி உளவியலாளர் ரூத் பட்லரின் ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை நான் நம்புகிறேன். ஆனால் பெற்றோர் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைத்தீர்கள்?

மறுதேர்வு வைத்தால் புது மதிப்பெண்ணை மட்டும் எடுப்பீர்களா, சராசரி போடுவீர்களா? சராசரி போட்டால் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அநியாயம் செய்வதுபோல எனக்குப் படுகிறது. உங்கள் குழுவில் நடைமுறை என்ன?