நின்றுகொண்டிருந்த விமானத்தின் வாலில் இன்னொன்று உரசிய இரவு: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

சன்னலோர இருக்கை:
சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், ஓடுபாதைக்குள் நுழைவதற்காக வரிசையில் நின்றிருந்த எங்கள் விமானம் திடீரென ஒருமுறை குலுங்கியது. நிற்கும் பேருந்தின் பின்பக்கத்தில் இன்னொரு வண்டி இடித்தால் எப்படி இருக்குமோ அப்படியோர் அதிர்வு. உடனே முன்பகுதி சற்றே இடதுபுறம் திரும்பியது. எங்களுக்குப் பின்னால் கடந்து சென்ற பெரிய விமானத்தின் இறக்கை நுனி எங்கள் வாலில் உரசிவிட்டது என்று தலைமை விமானி அறிவிப்பதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. காயம் யாருக்கும் இல்லை. ஆயினும் ஒன்றரை மணி நேரம் உள்ளேயே உட்கார வைத்து, பிறகு படிக்கட்டு வண்டியைக் கொண்டுவந்து எல்லோரையும் இறக்கினார்கள். “ஒரு கீறலுக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் கேட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எரிச்சல்தான். விமானிக்குத் தம் இறக்கை போகும் இடம் தெரியாமலா இருக்கும்? இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

தரைப்பணியில் இருந்தவன்:
தெரியாது என்பதுதான் பதில், ஐயா. பெரிய விமானங்கள் பலவற்றில், பக்கவாட்டுச் சன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினாலொழிய, விமானி தம் இருக்கையிலிருந்து இறக்கை நுனியைப் பார்க்க முடியாது. இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்து செல்வதால் நுனி அவருக்கு வெகு பின்னால் இருக்கிறது. போதாததற்கு, விமானம் திரும்பும்போது வெளிப்புற இறக்கையின் நுனி நாம் கணக்கிடுவதைவிட அகலமான வளைவில் வீசிக்கொண்டு வரும். ஏர்பஸ் நிறுவனத்தின் பெரிய விமானங்களில், ஏ380இன் இறக்கை விரிவு ஏறத்தாழ 80 மீட்டர், ஏ350இன் விரிவு ஏறத்தாழ 65 மீட்டர் என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் எதை நம்பி ஓட்டுகிறார்கள்? தரையில் வரைந்திருக்கும் மஞ்சள் நடுக்கோட்டைத்தான். முன்சக்கரம் கோட்டில் இருந்தால் இருபுறமும் இடம் போதும் என்ற கணக்கில்தான் டாக்ஸிவேக்களை, அதாவது ஓடுபாதைக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே விமானங்கள் நகரும் பாதைகளை, அமைக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு, அடுத்த விமானமும் தனக்குரிய இடத்தில் நின்றால் மட்டுமே செல்லும். குறுக்குப் பாதையில் காத்திருக்கும் விமானம், ஓடுபாதைக்கு முன் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் நிறுத்தக் கோடு வரை செல்லாமல் சில மீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டால், அதன் வால் பின்னால் நீண்டு கொண்டிருக்கும். பின்னால் கடப்பவர் கோட்டைவிட்டு அணுவளவும் விலகாமலேயே அதில் மோதக்கூடும். உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். கட்டுப்பாட்டுக் கோபுரம் எந்த வழியில் செல்ல வேண்டும் என்று சொல்லும். இரண்டு விமானங்களுக்கு இடையே எத்தனை அடி இருக்கிறது என்று இரவில் தொலைவிலிருந்து யாராலும் அளந்து சொல்ல முடியாது.

நான் பணியாற்றிய காலத்தில், விமானத்தை டிராக்டர் பின்னோக்கித் தள்ளும்போது இறக்கை நுனிக்கு நேராக நடந்து வரும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். ஒரு மழையிரவில், பக்கத்து நிறுத்துமிடத்தில் நின்ற விமானம் சற்றுத் தள்ளி நிறுத்தப்பட்டிருந்ததை டிராக்டர் ஓட்டுநர் கவனிக்கவில்லை. ஒளிக்கோல்கள் இரண்டையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தேன். அவர் பார்த்து நிறுத்தியபோது இடைவெளி ஒரு ஆள் நுழையும் அளவுதான். மோதவில்லை என்பதால் அது செய்தியாகவில்லை. இப்படிப் பின்னோக்கித் தள்ளும் புஷ்பேக்கில் எங்களைப் போன்ற ஆள்கள் கூடவே நடக்கிறோம். அதற்குப் பிறகு, தன் சொந்த விசையில் விமானம் நகரத் தொடங்கிய பின், இறக்கை நுனிக்குத் துணையாக யாரும் நடப்பதில்லை.

கீறலைப் பற்றிய கேள்விக்கு: வாலில்தான் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும், பக்கவாட்டில் திருப்பும் ரட்டரும் இருக்கின்றன. நவீன விமானங்களில், இழைகளைப் பிசினில் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கூட்டிழைப் பாகங்களில், மேலே ஒன்றும் தெரியாமலேயே உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். தட்டிப் பார்த்தும் கருவிகளை வைத்தும் சோதிக்காமல் அதைப் பறக்க விடுபவர் பொறுப்பற்றவர்.

அறிக்கை வாசகன்:
மேலே நண்பர் சொன்னதற்கு ஏற்ற நிகழ்வு நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. நிலையத்தில், 2011 ஏப்ரல் 11 இரவு நடந்தது. பாரிஸுக்குப் புறப்படவிருந்த ஏர் பிரான்ஸின் ஏ380, பாஸ்டனிலிருந்து வந்திறங்கிக் காத்திருந்த காமேர் நிறுவனத்தின் சிறிய சிஆர்ஜே700 விமானத்தின் வாலை இடது இறக்கை நுனியால் மோதி, அந்த விமானத்தையே சுழற்றிவிட்டது. பெரியதில் 500 பேருக்கு மேல், சிறியதில் 66 பேர், யாருக்கும் காயமில்லை. காணொளி இருக்கிறது, பார்த்தால் பொம்மையைத் தட்டிவிட்டதுபோல்தான் தோன்றும். மறு ஆண்டு, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பெரிய விமானங்களின் இறக்கை நுனியை விமானிக்குக் காட்டும் கேமரா போன்ற ஏற்பாட்டைக் கட்டாயமாக்குமாறு பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்க, 2024 செப்டம்பர் 10 அன்று அட்லாண்டாவில், டோக்கியோவுக்குப் புறப்பட்ட டெல்டாவின் ஏ350, குறுக்குப் பாதையில் காத்திருந்த எண்டவர் ஏர் நிறுவனத்தின் சிறிய சிஆர்ஜே900 விமானத்தின் வாலை ஒடித்துச் சாய்த்தது. 2025 பிப்ரவரி 5 அன்று சியாட்டிலில் ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787, நின்றிருந்த டெல்டாவின் போயிங் 737இன் வாலில் மோதியது. மகிழுந்துகளில்கூடப் பின்புறக் கேமரா வந்துவிட்ட காலத்தில் இதை என்னவென்று சொல்வது?

நம் நாட்டிலும் உண்டு. 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், சென்னைக்கு வருவதற்காக ஓடுபாதையருகே நின்றிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையில், தர்பங்காவுக்குச் செல்லவிருந்த இண்டிகோ விமானத்தின் இறக்கை உரசியது. இண்டிகோ விமானிகள் இருவரையும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பணியிலிருந்து விலக்கி வைத்தது. இங்கே இரண்டுமே நடுத்தர விமானங்கள் என்பதைக் கவனியுங்கள். அளவு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிட இயலாது.

சன்னலோர இருக்கை:
இருவருக்கும் நன்றி. நிறுத்தக் கோட்டைப் பற்றிப் படித்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: எங்கள் விமானத்துக்கு முன்னால் இன்னொரு விமானம் நின்றிருந்தது, அதனால் நாங்கள் கோடு வரை போகவே முடிந்திருக்காது. அந்தப் பெரியவரின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது, கேட்க அவர்தான் பக்கத்தில் இல்லை. எங்கள் பெட்டிகள் இரண்டு நாள் கழித்தே வந்தன. விசாரணையாளர்கள் படம் பிடித்து முடிக்கும் வரை விமானத்தின் சரக்குக் கதவைத் திறக்க அனுமதிக்கவில்லையாம்.