ரேஞ்ச் ரோவர் கிளாசிக்: கதவில் காந்தம் ஒட்டவில்லை, எல்லாம் பட்டியா?

கேள்வி: மண்சாலை

வணக்கம் நண்பர்களே. பல வருடமாக ஆசைப்பட்ட வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1992 மாடல் ரேஞ்ச் ரோவர் கிளாசிக், நான்கு கதவு. பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, எஞ்சினும் உடனே ஸ்டார்ட் ஆனது. துருவோ பள்ளமோ தெரியாமல் பூசி மறைக்கும் பட்டியின் (பாடி ஃபில்லர்) மேல் காந்தம் ஒட்டாது, அதனால் பழைய வண்டிக்குக் காந்தம் எடுத்துப் போகச் சொல்வார்களே என்று சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போனேன். பானட்டில் நன்றாக ஒட்டியது. நான்கு கதவிலும், முன் மட்கார்டிலும், பின்பக்கப் பக்கவாட்டிலும் எங்கேயுமே ஒட்டவில்லை. அவ்வளவு பெரிய இடம் முழுக்கப் பட்டி வைத்து மூடியிருக்கிறார்களா? இதற்கு முன் வாங்கிய வண்டியில் ஆறே மாதத்தில் பட்டி உதிர்ந்து உள்ளே ஓட்டை தெரிந்தது, அதனால்தான் இந்தப் பயம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை.

பதில்: நீலவண்டி

பயப்படாதீர்கள், அது பட்டி இல்லை, அலுமினியம். அந்த வண்டி 1970-இல் வந்த நாளிலிருந்து 1996-இல் நிற்கும் வரை கதவு, மட்கார்டு, மேல்கூரை எல்லாவற்றுக்கும் வெளித்தகடு அலுமினியம்தான். உங்கள் மாடலில் பானட்டும் டிக்கி கதவும் இரும்பு. காந்தம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பதில்: வெல்டிங்_கை

மேலே சொன்னது சரி. ஆனால் அதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம் தம்பி, இந்த வண்டியில் பலர் ஏமாறுவது இங்கேதான். வெளியே போர்த்தியிருப்பது அலுமினியம், உள்ளே தாங்கி நிற்கும் கூடு முழுக்க இரும்பு, அதற்கும் கீழே மொத்த வண்டியையும் தாங்கும் சட்டமான சேஸும் இரும்பு. வெளித்தகடு துருப்பிடிக்காததால் உள்ளே கூடு அரித்துப் போனாலும் வண்டி புதுசு மாதிரியே நிற்கும். பளபளப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

காந்தத்தை இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். கதவைத் திறந்தால் வாசற்படி மாதிரி கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்கிற சட்டம், அதன் உள்பக்கம், கதவுக் கீல் மாட்டியிருக்கும் தூணின் அடிப்பாகம், பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரியும் உள் மட்கார்டு, பின்சக்கரத்துக்கு மேலே உள்வளைவு. அங்கெல்லாம் ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டாமல் வழுக்கினால் அதுதான் பட்டி.

அப்புறம் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். கண்ணாடி ரப்பர் வழியாகவோ, சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய் அடைத்தோ தண்ணீர் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் மாதக்கணக்கில் ஊறும். தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள், புழுங்கிய வாடை வந்தால் அடியில் தரை போய்க்கொண்டிருக்கிறது. டிக்கியிலும் விரிப்பை எடுத்துவிட்டுத் தரையையும் ஓரங்களையும் பாருங்கள். பின்சீட் பெல்ட்டின் போல்ட் ஏறும் இடம் அரித்திருந்தால், விபத்தில் பெல்ட் பிய்த்துக்கொண்டு வரும். அதைப் பார்க்காமல் குடும்பத்தை அதில் ஏற்றாதீர்கள்.

கதவின் கீழ் ஓரத்தையும் விடாதீர்கள். அங்கே அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தின் மேல் மடித்திருப்பார்கள். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரியும். பழுப்பாக இருக்காது, பெயிண்ட் கொப்புளம் போட்டு வெள்ளைப் பொடி வரும்.

கேள்வி கேட்டவர்: மண்சாலை

அண்ணா, ரொம்ப நன்றி. இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். அடிப்பாகம் முழுக்கப் போன மாதம்தான் துருப்பிடிக்காமல் இருக்கக் கோட்டிங் அடித்தார்களாம், கருகருவென்று இருக்கிறது. விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்கிறார். நல்லதுதானே?

பதில்: நீலவண்டி

விற்பதற்கு ஒரு மாதம் முன்னால் அடித்த கோட்டிங் எனக்குச் சந்தேகத்தைத்தான் தரும். துருவைச் சுரண்டாமல் மேலே அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரிக்கும். அடிப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒழுங்காகச் செய்தவர் கட்டாயம் எடுத்து வைத்திருப்பார்.

பதில்: வெல்டிங்_கை

லிஃப்டில் ஏற்றாமல் முடிவு செய்ய வேண்டாம். ஏற்றியதும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சேஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்த இடம் டொப்பென்று அமுங்கிய சத்தம் தரும், கோட்டிங் இருந்தாலும் வித்தியாசம் கேட்கும். இந்தச் சேஸ் பெட்டி மாதிரி மூடியது, சேறு உள்ளே போய்த் தங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும், வெளியே தெரியும்போது வேலை முடிந்திருக்கும். போனில் மாட்டும் சின்ன எண்டோஸ்கோப் கேமரா கிடைத்தால் வடிகால் ஓட்டை வழியாக உள்ளே விட்டுப் பாருங்கள். மேலோட்டமான பழுப்புக்குப் பயம் வேண்டாம், பிரஷ் போட்டால் போகும். அடுக்கடுக்காக உரிந்து வந்தால்தான் கவலை. பாடி சேஸில் உட்காரும் இடங்களையும், பின்கடைசியில் குறுக்கே போகும் சட்டத்தையும் கட்டாயம் தட்டுங்கள். பிரேக் குழாய்களிலும் துரு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

முன்சக்கரத்துக்கு உள்பக்கம் குரோம் பூசிய பெரிய பந்து மாதிரி ஒன்று தெரியும். அதில் புள்ளிப்புள்ளியாகத் துரு இருந்தால் ஆயில் சீல் நிற்காது, எண்ணெய் கசியும். அது செலவுதான், ஆனால் கூடு போனதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

கேள்வி கேட்டவர்: மண்சாலை

இன்று காலை போய்ப் பார்த்துவிட்டேன். சேஸ் பெரும்பாலும் கணீரென்றுதான் இருந்தது, பின்குறுக்குச் சட்டத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு டொப்பென்று கேட்டது. ஓட்டுநர் பக்கம் கார்பெட் ஈரம். இடது உள் சில்லில் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் வழுக்கியது, அங்கேயே நகத்தால் கீறினால் பட்டி தெரிகிறது. பழைய தகட்டை வெட்டாமல் மேலேயே தகடு வைத்து வெல்டிங் செய்தது போலவும் ஒரு இடம் இருக்கிறது. கோட்டிங்குக்கு முந்தைய படம் கேட்டேன், இல்லை என்றார். வண்டி மேல் ஆசை இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: வெல்டிங்_கை

துருப்பிடித்த தகட்டின் மேல் தகடு என்றால் நடுவில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும், அதை முழுக்க வெட்டி எடுத்துத்தான் செய்ய வேண்டும். இரண்டு பக்க உள் சில், கால் வைக்கும் தரை, பின்குறுக்குச் சட்டம், இந்த மூன்றுக்கும் வேலை தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி அதை விற்பவர் முன்னால் வையுங்கள். விலையில் அந்தத் தொகையை அவர் குறைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வலது சில்லில் காந்தம் என்ன சொன்னது என்று நீங்கள் எழுதவில்லையே, அதைப் பார்த்தீர்களா?