துபாய் எண்ணெயை விட்டுவிட்டதாம்!

ஆழித்தேர்: "துபாய் உற்பத்தியில் எண்ணெயின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு, ஏற்றுமதியை அவர்களிடம் கற்க வேண்டும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அமீரகத்தின் எண்ணெயில் பெரும்பகுதி அபுதாபியில் கிடக்கிறது. துபாயை மட்டும் பிரித்துக் கணக்குக் காட்டினால் எப்படி? 2009-ல் துபாய் கடனில் தத்தளித்தபோது 1,000 கோடி டாலர் கொடுத்தது அபுதாபி. அது எந்தக் காசு? அப்புறம், அந்த ஏற்றுமதியில் மறு ஏற்றுமதி, அதாவது வேறு நாட்டுச் சரக்கை வாங்கி அப்படியே வெளியே அனுப்புவது, எவ்வளவு?

வலங்கைமான்: எழுதியது நான்தான் அண்ணே. துபாயின் ஜெபல் அலி துறைமுகம் 1979, அங்கேயே வரிச்சலுகை வணிக மண்டலம் 1985. எண்ணெய் தீருமுன்பே கட்டினார்கள். மறு ஏற்றுமதி என்றால் கேவலமா? கிடங்கு, வங்கி, கப்பல் எல்லாம் சும்மா வந்துவிடுமா?

ஆழித்தேர்: கேவலம் என்று யார் சொன்னது? அது துபாயின் சரக்கு இல்லை என்கிறேன். 2023 ஜூலை 20-ல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. எட்டே நாளில் அமீரகம் அரிசி ஏற்றுமதிக்கும் மறு ஏற்றுமதிக்கும் நான்கு மாதத் தடை போட்டது. நடவு என்றால் என்னவென்று தெரியாத ஊர், அரிசி ஏற்றுமதிக்குத் தடை!

கொள்ளிடக்கரை: அமீரகத்தின் அலுமினியம் சொந்த உற்பத்திதானே?

ஆழித்தேர்: மூலப்பொருள் வெளிநாடு, உருக்கும் மின்சாரம் எரிவாயு. வேஷம் மாற்றிய எண்ணெய்தான் அது.

வலங்கைமான்: அப்படியானால் திருப்பூர் பனியனும் ஏற்றுமதி இல்லை. பஞ்சு குஜராத்திலிருந்தும் வருகிறதே!

ஆழித்தேர்: பனியனைத் தைக்கிறார்கள் தம்பி. மூட்டை மாற்றுவது தையலா? எண்ணெய்ப் பணம் கொட்டினால் உள்ளூர்க் கூலியும் விலையும் ஏறி மற்றத் தொழில்கள் நொடிக்கும். எண்ணெய் வருமுன் நிலக்கடலையும் பாமாயிலும் விற்ற நைஜீரியாவைப் பாருங்கள். அமீரகத்தில் கூலி ஏறாமல் இருப்பது யாரால்? அங்கே வேலைக்குப் போன நம் தெருப் பையன்களால். அந்தப் பெருமையையும் துபாய்க்கே கொடுத்துவிடுங்கள்.

நன்னிலத்தான்: நாகை அருகே நரிமணத்தில் எண்ணெய் எடுத்தால் டெல்டா துபாயாகிவிடும் என்று எழுதியவர்தானே வலங்கைமான்? 2020-ல் டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கும் வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது முகம் சுளித்தவரும் அவரே.

வலங்கைமான்: பச்சைப் பொய். சுத்திகரிப்பு ஆலை வேலைவாய்ப்பு பற்றித்தான் எழுதினேன். கடன் சங்கத் தேர்தல் கோபம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆழித்தேர்: தேர்தலை விடுங்கள். மறு ஏற்றுமதியைக் கழித்து ஒரு எண் சொல்லச் சொன்னேன், வந்ததா?

வலங்கைமான்: முதலில் திருப்பூருக்குப் பதில் சொல்லுங்கள்.

நன்னிலத்தான்: தேர்தலை இழுத்தது நீங்கள். அன்று ஓட்டு எண்ணும்போது வெளியே நின்றது யார் என்று ஊருக்கே தெரியும்.