தண்ணீர்ப் பம்பின் அடியில் உள்ள துளைக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

வாகன எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் அடியில் உள்ள சிறு துளையை ஆங்கிலத்தில் வீப் ஹோல் (weep hole) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் துளை என்று முடியும் மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன: ஒழுகுதுளை, அழுதுளை, வடிதுளை. மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான் படுகிறது. வாகனத்தில் "துளை" என்று கேட்டதும் அதை அடைக்கத்தான் கை போகும். இந்த இடத்தில் அது போகவே கூடாது.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் அயலில் ஒரு பழைய டொயோட்டா கேஇ70 கொரோலா கார் நிற்கிறது. றேடியேற்றரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, நிறுத்தும் இடத்திலோ ஈரமே இல்லை. ஹோஸ் கிளிப்புகளை இறுக்கினார்கள், மூடியை மாற்றினார்கள். கடைசியில் ஒரு கராச்சில் பம்பின் அடியில் சொட்டுவதைக் கண்டு, "ஓட்டை விழுந்திருக்கு" என்று பசை வைத்து அடைத்து அனுப்பினார்கள். சொட்டு நின்றது. கொஞ்ச நாளில் பம்ப் இரையத் தொடங்கி, கப்பி கையால் அசைத்தாலே ஆடியது. அந்த எஞ்சினில் விசிறியும் பம்பின் தண்டில்தான் பூட்டியிருக்கிறது. தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங் உடைந்தால் விசிறி முன்னே வந்து றேடியேற்றரைக் கிழித்துவிடும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மலை ஏறும்போது அப்படி நடந்திருந்தால் என்ன செய்வது?

அந்தத் துளை விழுந்ததல்ல, வைத்தது. பம்பின் தண்டைச் சுற்றி, கசிவைத் தடுக்கும் ஒரு சீல் உண்டு. அதற்கு ஒரு பக்கம் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற், மறுபக்கம் பெயாரிங். சீல் தேய்ந்தால் கூலன்ற் பெயாரிங்குக்குள் போய் கிறீஸைக் கழுவிவிடும். அப்படிப் போகவிடாமல் இடையிலேயே வெளியே இறக்கிவிடத்தான் அந்த வழி. அடைத்தால் கசிவு நிற்காது, உள்ளே திரும்பும். துளையைச் சுற்றி இலேசாகக் காய்ந்த கறை இருந்தால் பயமில்லை. சொட்டத் தொடங்கினால் சீல் முடிந்துவிட்டது, பம்பை மாற்ற வேண்டும். கிணறு உவராகிப்போன இடங்களில் அந்தத் தண்ணீரையே றேடியேற்றருக்கும் ஊற்றுகிறோம். சீலும் உலோகமும் அரிபட அதுவும் ஒரு காரணம். கூலன்ற் போத்தலில் உறையாமை பற்றி என்ன எழுதியிருந்தாலும், மட்டக்களப்பில் நமக்கு அதில் வேண்டியது துரு பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையைக் கூட்டுவதும்தான். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ 107 பாகையில்தான் கொதிக்கும்.

கசிவைத் தேடும்போது ஈரம் கண்ட இடத்தை நம்ப வேண்டாம். ஓடும்போது விசிறிக் காற்று துளிகளைப் பின்னால் தள்ளும், சூடான புளொக்கில் பட்டதும் நீர் ஆவியாகி வெள்ளை அல்லது பச்சைக் கறை மட்டும் மிஞ்சும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, கையால் அடிக்கும் அழுத்தச் சோதனைப் பம்பை மாட்டி, மூடியில் அழுத்த அளவு 0.9 என்று இருந்தால் அந்த அளவு வரை மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருங்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. அப்புறம் ஒரு சிறு கண்ணாடியும் ரோர்ச் லைற்றுமாகப் பம்பின் அடியைப் பாருங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லாமலே முள் இறங்கினால் எஞ்சின் தலைக்கும் புளொக்குக்கும் இடையில் உள்ள ஹெட் கஸ்கெட்டையும் காலடியில் உள்ள ஹீற்றரையும் சந்தேகிக்க வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு: கசிகண்.

தமிழில் ஒரு காரியத்துக்காக இருக்கும் திறப்பைக் கண் என்கிறோம். ஊற்றுக்கண், மதகுக்கண். வாவியில் வலை வீசுகிறவர்களும் வலையின் கண் என்றுதான் சொல்கிறார்கள். கண்ணை அடைக்க யாருக்கும் உடனே கை வராது. கசிகண் வினைத்தொகை, சுடுசோறு, குடிநீர் போல, ஆகவே நடுவில் க் வராது. கசிவுக்கண் என்றாலும் பொருள் சரிதான், ஆனால் கராச்சில் வாயில் நிற்க இரண்டெழுத்துக் குறைவது நல்லது.

அம்பாறைப் பக்கத்து நண்பர் வக்கடை என்று எழுதியிருந்தார். வயல் வரம்பில் தண்ணீர் பாய விடும் வாய் அது. அழகான சொல், வயலில் பிறந்தது. ஆனால் வக்கடையை நாமே வெட்டுகிறோம், வேண்டும்போது மண்ணிட்டு மறிக்கிறோம். இங்கே மறிப்பதுதான் ஆபத்து. வடிதுளையை மதில்களில் மழைநீர் இறங்க விடும் துளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே வடிவதுதான் வேலை. கசிகண் கண் நோய் போலக் கேட்கிறது என்ற மறுப்பும் வரலாம். "பம்பின் கசிகண்" என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் இருக்காது.

பட்டியலுக்கு விளக்கம் இப்படி இருக்கட்டும்:

கசிகண்: தண்ணீர்ப் பம்பின் சீலைத் தாண்டி வரும் கூலன்றைப் பெயாரிங்குக்குள் போகவிடாமல் வெளியேற்றி, சீல் தேய்ந்ததையும் காட்டும் வழி. அடைக்கக் கூடாது.

"அடைக்கக் கூடாது" விளக்கத்துக்குள்ளேயே வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். கலைச்சொல் பட்டியலில் எச்சரிக்கைக்கு இடமில்லை என்று யாராவது நினைத்தால் காரணத்தை எழுதுங்கள், பேசுவோம். சீலுக்கும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. அடைப்பு என்று வைத்தால் இதே குழப்பம் திரும்ப வரும்.