பச்சை லவ் பேர்ட்ஸில் நீலம் ஒளிந்திருக்கிறதா? பதிவேடு வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். பச்சை ஜோடி ஒன்றுக்கு நீலக் குஞ்சு பிறந்திருக்கிறது. பச்சை ஓங்கு நிறம், நீலம் ஒடுங்கு நிறம் (இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்) என்பதால் தாய், தகப்பன் இரண்டுமே நீல மரபணுவைச் சுமப்பவை. கூடப் பிறந்த பச்சைக் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு பங்கு நீலத்தைச் சுமக்க வாய்ப்புண்டு. பார்வைக்கு வேறுபாடு தெரியாது.

அவை வளர்ந்ததும் உறவில்லாத நீலப் பறவையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தாலும் முடிவு உறுதி. எல்லாம் பச்சையாக வந்தால்தான் சிக்கல்: 5 குஞ்சுகள் பச்சை என்றாலும், நீலத்தைச் சுமக்கும் பறவைக்கு அப்படி அமைய 32-இல் 1 வாய்ப்பு இருக்கிறது. அதனால் குறைந்தது 7 குஞ்சுகளாவது பார்ப்பது நல்லது.

பல ஜோடிகளை ஒன்றாக விடும் காலனிக் கூண்டுக் கணக்கு வேண்டாம். பெட்டை வேறு சேவலோடும் சேர்ந்திருக்கலாம். தனிக் கூண்டில் விட்டாலும், பழைய சேவலின் விந்து சில நாள் உயிரோடிருப்பதால் முதல் முட்டைகளை நம்ப முடியாது. லூட்டினோ (மஞ்சள்), அல்பினோ (வெள்ளை) நிறங்கள் பல இனங்களில் ஆண், பெண் பாலைச் சார்ந்து கடத்தப்படுபவை, அவையும் வேண்டாம்.

தனி ஜோடியாகப் பச்சை, நீலம் சேர்த்தவர்கள் ஒவ்வொரு ஈட்டிலும் எத்தனை பச்சை, எத்தனை நீலம் என்று எழுதுங்கள். பொரித்த பின் இறந்த குஞ்சுகளையும், நிறம் தெரிந்திருந்தால், விடாமல் சேருங்கள்.